மெஷின் போட்ட கணக்கு என்றாலும் பதில் சொல்ல ஆள் வேண்டும்



சம்பளக் கணக்கு பிசகிவிட்டது என்று தோட்டக் காரியாலயத்தில் போய்க் கேட்டால், முன்பெல்லாம் கிடைக்கும் பதில் வேறு. "கணக்கப்பிள்ளையைக் கேள்" என்பார்கள். "கங்காணி எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்" என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருந்ததோ இல்லையோ, அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். அவரைத் தேடிப் போகலாம், வாதாடலாம், தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போகலாம். இப்போது பல தோட்டங்களில் நமக்குக் கிடைக்கும் பதில் இது: "கம்பியூட்டரில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது."

இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது. கம்பியூட்டருக்குச் சம்பளம் இல்லை, பிள்ளைகள் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. அதை வாங்கியவர்கள், அதற்குள் விதிகளை எழுதியவர்கள், அதில் விழுந்த இலக்கத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவர்கள் எல்லோரும் மனிதர்கள். கணக்குக்குப் பொறுப்பு அவர்களுடையது.

ஒரு நாள் கொழுந்து எப்படிச் சம்பளமாகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். மலையில் கொழுந்தைப் பறிக்கிறோம். மின் தராசில் நிறுக்கிறார்கள். சாக்குக் கழிவு, மழை நாளில் தண்ணிக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு என்று குறைத்த பிறகு வரும் நிறை கைக்கருவியிலோ கைபேசியிலோ பதிகிறது. அங்கிருந்து தோட்டக் காரியாலயத்துக் கணினிக்குப் போகிறது. நோம்ஸ் எட்டியதா இல்லையா என்று பார்த்து முழுப்பேரா, அரைப்பேரா என்று முடிவாகிறது. பிறகு முற்பணம், சந்தா, மற்றக் கடன்கள் எல்லாம் கழிந்து சம்பளச் சிட்டை அச்சாகிறது. அதே இலக்கங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கும் போகின்றன, கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்கும் போகின்றன.

இந்தப் பாதையில் எத்தனை இடத்தில் மனிதன் முடிவெடுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். சாக்குக்கு எத்தனை கிலோ கழிப்பது? மழைக்கு எத்தனை? 17 கிலோ 600 கிராமை 17 ஆக்குவதா, 18 ஆக்குவதா? மாலையில் பதிந்த நிறையை மறுநாள் காரியாலயத்தில் இருந்து மாற்றும் அதிகாரம் யாருக்கு? இவற்றில் ஒன்றையும் மெஷின் தானாக முடிவு செய்யவில்லை. ஒருவர் சொல்லி, இன்னொருவர் அதை உள்ளே எழுதி வைத்தார். அந்த முடிவுகளை எடுத்தபோது நம்மில் ஒருவரையும் அழைத்துக் கேட்கவில்லை.

நாம் மெஷினுக்கு எதிரி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கையால் எழுதிய கணக்கில் நமக்கு நேர்ந்தது ஏராளம். தராசின் முள்ளை ஒரு விரலால் நிறுத்தி வைத்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதற்கும் முன்னால் துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கடனை அடுத்த தோட்டம் கட்டினால்தான் அவர் அங்கே போக முடியும். கடன் எப்படி ஏறியது என்று அவருக்குத் தெரியாது, எழுதியதை வாசிக்கவும் தெரியாது. எழுதிய தொகையே அவருடைய விலையாக இருந்தது. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நேர்மையாகப் பயன்படுத்தினால் மின் தராசு நமக்கு நன்மைதான். விரல் வைக்க முடியாது, எழுத்தை அழித்து எழுதினால் தடம் இருக்கும். ஆனால் கணக்கை நாம் பார்க்க முடியாமலும், பிழை என்றால் கேட்க ஆள் இல்லாமலும் இருந்தால், அது திரையில் எழுதிய துண்டாகிவிடும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரித்தானியாவில் நடந்த ஒன்றை நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நம் கடைத்தெருக்களில் உப தபாலகம் இருப்பதைப் போல, அங்கும் ஊர்தோறும் உப தபாலகங்கள் உண்டு. உப தபாலதிபர்கள் பெரும்பாலும் சின்னக் கடை வைத்திருக்கும் சாதாரண மக்கள். 1999இல் தொடங்கி அவர்களுடைய கணக்கு முழுவதும் ஹொரைசன் என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டது. அதைச் செய்து கொடுத்தது ஜப்பானிய நிறுவனமான புஜிட்சுவின் துணைக் கம்பனி.

முறை வந்த பிறகு பல தபாலகங்களில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. பெட்டியில் பணம் சரியாக இருந்தாலும் திரையில் குறைந்தது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை உப தபாலதிபரே கட்ட வேண்டும் என்று கம்பனி வற்புறுத்தியது. வீட்டை ஈடு வைத்தார்கள், உறவினரிடம் கடன் வாங்கினார்கள், கட்டினார்கள். உதவிக்குத் தொலைபேசி எடுத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "உங்கள் ஒருவருக்குத்தான் இந்தப் பிரச்சினை" என்பது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வைத்தே அவர்களை மடக்கினார்கள். அரசுக்குச் சொந்தமான அந்தத் தபாலகக் கம்பனியே பெரும்பாலான வழக்குகளையும் தொடுத்தது. களவு, பொய்க்கணக்கு என்று 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண்ணும் சிறைக்குப் போனார். கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதே அங்கு நீதிமன்றங்களின் நடைமுறையாக இருந்தது. பிழை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாதவர் எதைக் கொண்டு காட்டுவார்?

வெளியில் இருந்து எவரும் தபாலகத்தின் கணக்கை மாற்ற முடியாது என்று கம்பனி பல வருடங்கள் சாதித்தது. அது உண்மை அல்ல. புஜிட்சு ஊழியர்களால் தூரத்தில் இருந்தே மாற்ற முடிந்தது. அலன் பேட்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபர் முன்னின்று, 555 பேர் ஒன்றாகச் சேர்ந்து போட்ட வழக்கில் இது நீதிமன்றத்தில் உறுதியானது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்குக் குறைந்திருக்கலாம் என்று 2019 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை நீக்கியது. 2024இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனைகளை ஒரேயடியாக நீக்கியது. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை. 13 பேராவது இதனால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை சொல்கிறது.

இதில் தொழிற்சங்கத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. உப தபாலதிபர்களுக்கு ஒரு சம்மேளனம் இருந்தது. பிற்காலத்தில் அது அந்தக் கம்பனி கொடுத்த நிதியில் இயங்கியது. அங்கத்தவர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது ஹொரைசன் நல்ல முறை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது கம்பனியிடம் இருந்து சுயாதீனமான அமைப்பு அல்ல என்று 2019இல் நீதிபதி எழுதினார். அங்கத்தவர் சொல்வதை நம்பாமல் மெஷின் சொல்வதை நம்பும் சங்கம் யாருக்குப் பயன்?

அங்கே நடந்ததற்கும் நம் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம்மை யாரும் சிறைக்கு அனுப்பவில்லையே என்றும் சொல்லலாம். நாம் இழப்பது கிலோவில், பேரில், சேமலாப நிதியில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்சம்பளம் 1350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நோம்ஸ் எட்டவில்லை என்று அரைப்பேர் போடும் தோட்டத்தில், தராசிலோ கழிவிலோ காணாமல் போகும் ஒரே ஒரு கிலோ ஒருவருடைய 675 ரூபாவைக் கொண்டுபோகலாம். மாதத்தில் மூன்று நாள் அப்படி நடந்தால் 2025 ரூபா. பிள்ளையின் சப்பாத்தும் கொப்பிகளும் அதில்தான் இருக்கின்றன.

அடுத்தது சேமலாப நிதி. 20 நாள் வேலைக்கு 27,000 ரூபா சம்பளம். அதில் நம்மிடம் கழிக்கும் 8 வீதம் 2160 ரூபா. தோட்டம் போட வேண்டிய 12 வீதம் 3240 ரூபா. இரண்டும் சேர்ந்து 5400. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாகப் போட வேண்டிய 3 வீதம் 810 ரூபா. ஆக ஒரு மாதம் போடாமல் விட்டால் 6210 ரூபாவும் அதற்குப் பல வருடங்களில் சேரும் வட்டியும் இல்லை. சிட்டையில் 2160 கழித்ததாக இருக்கும், நிதியில் போய்ச் சேர்ந்திருக்காது. இது கற்பனையான பயம் அல்ல. அரசின் பொறுப்பில் உள்ள தோட்டங்களின் சேமலாப நிதிப் பாக்கி பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம்.

பணம் போனாலும் பேர் பிழைத்தால் அதுவும் வீண். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர் என்று இருப்பது புதுமை இல்லை. பழைய கிளாக்கருக்கு ஆளைத் தெரியும், "இது மேற்கணக்கு லயத்து ஆள்" என்று சொல்லிச் சரிப்படுத்துவார். கணினிக்கு ஆளைத் தெரியாது. ஓர் எழுத்து, ஓர் இலக்கம் மாறினால் அது வேறு ஆள். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் கைக்கு வர வேண்டிய காசு, அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் நிற்கும்.

அப்படியானால் யார் பொறுப்பு? பெருந்தோட்டக் கம்பனிகளில் பல கொழும்புப் பங்குச் சந்தையில் இருப்பவை. அவற்றின் ஆண்டறிக்கைகளை யாரும் பார்க்கலாம். கணக்குகள் சரியாக வைக்கப்படுவதற்கும் உள்ளகக் கட்டுப்பாட்டுக்கும் பணிப்பாளர் சபையே பொறுப்பு என்று அவற்றில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். நல்லது. அந்த வார்த்தையைத்தான் நாமும் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். கம்பனியின் காசு வெளியே போய்விடக் கூடாது, தொழிலாளி கூடுதலாக ஒரு ரூபா வாங்கிவிடக் கூடாது என்று பார்ப்பதற்குப் பல பூட்டுகள் இருக்கின்றன. தொழிலாளிக்கு ஒரு ரூபா குறைந்துவிடக் கூடாது என்று பார்க்க எத்தனை பூட்டு இருக்கிறது? கணக்காய்வாளர் வந்து மொத்தத் தொகையைப் பார்ப்பார். 7ஆம் நம்பர் மலையில் ஒரு சகோதரி பறித்த கொழுந்து சரியாகப் பதிந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. பங்குதாரருடைய காசைக் காவல் காப்பதும் வேலை செய்தவளுடைய காசைக் காவல் காப்பதும் ஒரே கடமை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் அதைக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது.

தோட்ட நிர்வாகம் சொல்வதையும் கேட்போம். "மெஷின் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் நிறுக்கிறது, அதில் பட்சபாதம் இல்லை" என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு கிலோ குறைத்தால் அதிலும் பட்சபாதம் இல்லைதான். "ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் செலவு கூடும்" என்றும் சொல்கிறார்கள். இந்த முறையைக் கொண்டு வந்ததே செலவைக் குறைக்கத்தான் என்றால், மிச்சம் பிடித்த செலவில் ஒரு பங்கு விளக்கம் சொல்வதற்குப் போகட்டும். கீழே இருக்கும் கிளாக்கரையோ கணக்கப்பிள்ளையையோ நாம் குற்றம் சொல்லவில்லை. பல இடங்களில் அவர்களுக்கே அந்த இலக்கம் எப்படி வந்தது என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவர்களை ஜன்னலடியில் பதில் சொல்ல விட்டிருப்பதும் அநியாயம்தான்.

சட்டம் நம் பக்கம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், சம்பளப் பதிவேட்டை வைத்திருக்கும் கடமையைத் தொழில் கொள்வோர் மேல் வைத்திருக்கிறது. அனுமதிக்கப்பட்டவை தவிர வேறு கழிவுகள் கூடாது என்றும் சொல்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. தராசுகள் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின் கீழ் சோதித்து முத்திரையிடப்பட வேண்டியவை. மின் தராசு என்பதால் அதற்கு விலக்கு இல்லை. முற்றிலும் கணினியே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு வந்திருக்கிறது. அதை விரைவுபடுத்தக் கேட்பதும் நம் வேலைதான்.

இவற்றின் மேல் நின்று நாம் ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்க வேண்டியவை ஆறு.

ஒன்று: நிறுத்த உடனே மொத்த நிறை, கழிவு, மிச்ச நிறை மூன்றும் தமிழில் அச்சிட்ட துண்டாகவோ கைபேசிச் செய்தியாகவோ தொழிலாளியின் கையில் கிடைக்க வேண்டும். இந்தத் துண்டு நம் கையில் இருக்கட்டும்.

இரண்டு: பதிந்த நிறையைப் பிறகு மாற்றினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவாக வேண்டும். அதை உரிய தொழிலாளிக்கும் தோட்டத் தலைவருக்கும் காட்ட வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு நாளும் நிறுவை தொடங்கும் முன் தெரிந்த நிறையுள்ள படிக்கல்லை எல்லோர் முன்னிலையிலும் தராசில் வைத்துக் காட்ட வேண்டும். முத்திரையும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: கணக்கு முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லும் அதிகாரி யார் என்று பேர் குறித்து அறிவிக்க வேண்டும். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். "கம்பியூட்டர் சொல்கிறது" என்பது பதிலாகாது. முறைப்பாடு தீரும் வரை அந்தத் தொகையைக் கழிக்கக் கூடாது.

ஐந்து: சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் எந்த மாதம் வரை கட்டப்பட்டது என்று மாதாமாதம் பிரட்டுக்களத்தில் அறிவித்தல் போட வேண்டும்.

ஆறு: வருடத்தில் ஒரு முறை, சங்கப் பிரதிநிதிகளும் பார்த்திருக்க, வெளியாள் ஒருவர் முழு முறையையும் சோதித்து, தமிழில் அறிக்கை தர வேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடியாது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, மலை, காலை நிறை, பகல் நிறை, மாலை நிறை என்று அன்றன்று எழுதுங்கள். எழுதக் கஷ்டமானவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சதவீதம் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவின் சம்பளச் சிட்டையை விட நல்ல பயிற்சி வேறு இல்லை. 8 வீதத்தையும் 12 வீதத்தையும் அவர்களே போட்டுப் பார்க்கட்டும். அங்கத்துவ இலக்கம், பேர், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் ஒத்துப் போகின்றனவா என்று வேலை செய்யும் காலத்திலேயே பாருங்கள். பென்சன் வயது வரை காத்திருக்க வேண்டாம். சிட்டைகளை எறிந்துவிடாதீர்கள்.

இந்த அளவுகோலால் நம் சங்கத்தையும் அளக்க வேண்டும். சந்தாவும் இப்போது கணினியில்தான் கழிகிறது. எத்தனை பேரிடம் கழிந்தது, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு வருடாந்தம் அனுப்புவதோடு நிறுத்தாமல், தோட்டக் கமிட்டியிலும் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கத்தவர் கேட்டால் கொப்பியைத் திறந்து காட்ட வேண்டும். அப்போதுதான் துரை முன்னால் நின்று கணக்குக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

பிரித்தானியாவில் தனித்தனியாக இருந்த வரைக்கும் பலர் தங்களிடம்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்டபத்தில் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு வைத்துப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று தெரிந்தது. நாமும் அதையே செய்வோம். வரும் மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு எல்லோரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளைக் கொண்டு வாருங்கள். வாசிக்கவும் கூட்டிப் பார்க்கவும் நம் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் உடன் இருப்பார்கள். குறைந்திருப்பது எங்கே என்று ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுத்தில் கேட்போம், எழுத்தில் பதில் வாங்குவோம்.